என்ஜினை அணைத்துவிட்டு இறங்கியவர்கள்

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்கத்தாவின் பாலிகஞ்சில் கூடுவோம். ஹூக்ளி நதியின் இரண்டாவது பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். எல்லாம் பழைய கியர் ஸ்கூட்டர்கள். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் முன்னால் போகிறவர் கையைத் தூக்குவார். உடனே எல்லோரும் நியூட்ரலுக்கு வந்து என்ஜினை அணைத்துவிட வேண்டும். அதுவரை காது கிழியக் கத்திக்கொண்டு வந்த வண்டிகள் சட்டென்று ஊமையாகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் உருண்டு இறங்கும். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஹார்ன் அடிக்கக் கூடாது. இதற்கு 'சுப் ரைட்' என்று பெயர். சுப் என்றால் வங்காளத்தில் சத்தம் போடாமல் இருப்பது. செல்போனில் படம் பிடித்துப் போடுவார்கள். பார்க்கிறவர்கள் ஆகா ஓகோ என்பார்கள்.

எனக்கு அது பிடித்ததே இல்லை. நான் ஜாதவ்பூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவன். ஸ்கூட்டர் எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. மாவு டப்பாக்களை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கினால் வண்டியை நாம் ஓட்டுவதில்லை, பாரம்தான் ஓட்டுகிறது. இந்தக் கூட்டத்தில் நான் சேர்ந்தது என் மகளுக்காக. கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதல் சம்பளத்தில் யாரோ விற்ற பழைய ஸ்கூட்டரை வாங்கி மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு இவர்களோடு சேர்ந்தாள். தனியாக விட மனசில்லாமல் நானும் பின்னால் போக ஆரம்பித்தேன். அவளுக்கு அது மானக்கேடு.

"அப்பா, நீ ரெண்டு வண்டி தள்ளி வா," என்பாள்.

கூட்டத்தின் தலைவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். பாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்தவர். வங்காளிகள் அண்ணன் என்பதற்குப் பெயரோடு 'தா' என்று ஒட்டுவார்கள். அதனால் அவர் கேப்டன்-தா. நான் மாவு-தா. என் மகள் அவரைக் 'காக்கு' என்பாள், சித்தப்பா என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். "கிச்சு ஹொபே நா." ஒன்றும் ஆகாது.

நேபாளத்தில் இலாம் என்ற மலை ஊரில் பழைய ஸ்கூட்டர்களுக்கு ஒரு ராலி நடக்கப்போகிறது என்று அவர்தான் கொண்டுவந்தார். சாந்த்ராகாச்சி டீக்கடையில் வைத்துச் சொன்னார்.

"பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஸ்கூட்டர்லயே ஃபாரின் போறோம்!"

"மலை ஏறுமா இந்த வண்டியெல்லாம்?" என்றேன்.

"வண்டி ஏறும் மாவு-தா. பின்னாடி டப்பா இல்லேன்னா உனக்குத்தான் பேலன்ஸ் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள்.

"சரி, இறங்குமா?"

"இறங்கறதுக்கு எதுக்குய்யா வண்டி? பூமி பாத்துக்கும்."

அதற்கும் சிரித்தார்கள். யாருக்கும் மலை தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். கல்கத்தாவில் மேடு என்றால் பாலம். பாலத்தில் இறங்கிப் பழகியவர்கள் மலையில் இறங்கப் புறப்பட்டோம்.

பனிக்காலம். பத்து ஸ்கூட்டர்கள். முதல் நாள் மால்டாவுக்கு முன்னால் மூடுபனியில் முன்னே போகிறவனின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு லாரி நான்கு சக்கரத்தையும் மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. உருளைக்கிழங்கு ரோடெல்லாம் சிதறியிருந்தது. அதன்மேல் ஏறி வழுக்கி, சமாளித்து, வழுக்கி, சமாளித்துப் போனோம். "நல்ல சகுனம், காய்கறி," என்றார் கேப்டன். என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பயமா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் ஆம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லையில் மேச்சி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். வண்டிகளுக்குச் சுங்கச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு விடுதியில் படுத்தோம். மறுநாள் காலையில் மலை ஆரம்பித்தது.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ரோடு சுற்றிச் சுற்றி ஏறியது. வண்டிகள் இரண்டாவது கியரில், பிறகு முதல் கியரில், உயிர் போகிற மாதிரி கத்தின. கன்யாம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் என் மகளின் வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, பின்சக்கரம் இறுகி, தார் ரோட்டில் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு நின்றது. மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் அவள் விழவில்லை.

கேப்டன் பக்கத்து மூடியைத் திறந்து பார்த்தார். "பிஸ்டன் பிடிச்சுடுச்சு. சூடு தாங்கலை."

இலாமுக்குக் காய்கறி ஏற்றிப் போன ஒரு வண்டியில் அந்த மஞ்சள் ஸ்கூட்டரைத் தூக்கிப் போட்டோம்.

"என் பின்னாடி உக்காரு," என்றேன்.

"மாவு டப்பா மாதிரியா?" என்றாள். கூட்டம் கெக்கெக்கே என்று சிரித்தது.

"என் வண்டிக்கு வாம்மா," என்றார் கேப்டன். "முதல் வண்டி. கேமராவை நீ பிடி."

அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து வந்த சின்னக் கடைத்தெருவில் டீக்காக நின்றோம். அங்கிருந்து ரோடு கீழே விழுகிறது. விழுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால், ரோடு மடிந்து மடிந்து, அடியில் ஆற்றில் போய் முடிந்தது. ஆற்றுப் பாலத்தில் ராலிக்காரர்கள் மாலையோடும் கேமராவோடும் நிற்கிறார்கள் என்று கேப்டனுக்குப் போன் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கேருந்து பாலம் வரைக்கும் சுப் ரைட்," என்றார். "ஒம்பது வண்டி, சத்தமே இல்லாம மலையிலேருந்து இறங்கி வரும். அவனுங்க வாயப் பிளக்கணும்."

பக்கத்தில் ஒரு ஜீப் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவன் ஹிந்தியில் அவரிடம் பெருமையாகச் சொன்னான். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ஜின் பந்த்? நியூட்ரல்? பாகல் ஹோ க்யா?" என்றார். என்ஜினை அணைத்துவிட்டா, பைத்தியமா உங்களுக்கு என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

நான் கேப்டனிடம் போனேன். "கியர்லயே இறங்குவோம், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஏறும்போதே ஒரு சின்ன பள்ளத்துல பிரேக் கருகற வாசனை வந்துது."

"அது லாரி வாசனை. மாவு-தா, இது டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்லதான் ஆயில் கலந்திருக்கு. ஆக்ஸிலேட்டரை மூடிட்டு கியர்ல இறங்கினா என்ஜினுக்கு ஆயில் போகாது. இப்பத்தானே உன் பொண்ணு வண்டி பிடிச்சுது? சக்கரம் லாக் ஆச்சுன்னா வளைவுல என்ன ஆகும்?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் ஆத்திரம். முட்டாள்தனமாகப் பேசியிருந்தால் நாலு பேர் என் பக்கம் வந்திருப்பார்கள். பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்கினார். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சம் திருகிக்கொண்டு, நின்று நின்று, ஆறவிட்டு இறங்கலாம். நேரமாகும். வீடியோ வராது.

"எப்படியோ இறங்குங்க. என் பொண்ணை ஏத்திக்கிட்டு இதைப் பண்ணாதீங்க."

"அவ என்ன குழந்தையா? அவளையே கேளு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணைப் பார்த்து நீ பயப்படுகிறாயா என்று கேட்டால் என்ன சொல்வாள்?

"நான் காக்கு கூடவே வர்றேன்," என்றாள்.

"நீ கியர்ல வரதுன்னா கடைசியில வா," என்றார் அவர் என்னிடம். "உன் வண்டி சத்தம் வீடியோவுல கேக்கக் கூடாது. கிச்சு ஹொபே நா."

அவர் கையைத் தூக்கினார். எட்டு என்ஜின்களும் அணைந்தன. வண்டிகள் உருள ஆரம்பித்தன.

நான் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகித் திருகி இறங்கினேன். கொஞ்ச நேரத்திலேயே அவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். ஆனால் ரோடு மடிந்து இறங்குவதால் ஒவ்வொரு வளைவிலும் கீழே என் மகள் தெரிந்தாள். சிவப்பு ஜாக்கெட். முதல் தடவை பார்த்தபோது கேமராவைப் பின்னால் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை கேமராவை மார்போடு அணைத்திருந்தாள். அதற்கடுத்த தடவை இரண்டு கையாலும் கேப்டனின் சட்டையைப் பிடித்திருந்தாள். அவருடைய பிரேக் விளக்கு அணையவே இல்லை. வேகமும் குறையவில்லை.

கருகல் வாசனை மேலே ஏறி வந்தது. வழியில் எங்கள் ஆட்களில் ஒருவன் காலைத் தரையில் தேய்த்து வண்டியைச் சரிவு மண்ணில் சாய்த்து நின்றிருந்தான். சக்கரத்திலிருந்து புகை. அடுத்த வளைவில் இன்னொருவன். அவன் முகம் வெளுத்திருந்தது. இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. ஒருத்தன் ஹார்ன் அடித்திருக்கலாம். ஒருத்தன் கத்தியிருக்கலாம். அந்த மலையில் அப்போது கேட்ட சத்தம் என் வண்டிச் சத்தம் ஒன்றுதான். நான் கத்தினேன். என் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே அது சுற்றி வந்தது.

அப்புறம் கீழேயிருந்து ஒரு என்ஜின் அலறியது. போகிற வேகத்தில் கேப்டன் கியரைப் போட்டிருக்கிறார். ஒரே ஒரு அலறல். பிறகு உலோகம் உரசுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கேப்டனின் ஸ்கூட்டர் கல்சுவரில் முட்டிக் கிடந்தது. மற்ற வண்டிகள் அதைத் தாண்டிக் கீழே போய்த்தான் நின்றிருந்தன. கேப்டன் நடுரோட்டில் உட்கார்ந்து, "கியர் போட்டேன், கியர் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவரைத் தாண்டிப் போனேன். சுவருக்குக் கீழே ஏலக்காய்ச் செடிகளுக்குள் சிவப்பு தெரிந்தது. இறங்கிப் போனேன். கண் திறந்திருந்தது. வலது முழங்கால் ஒரு கால் திரும்பக் கூடாத பக்கத்தில் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை.

அந்த ஜீப் டிரைவர்தான் பின்னாலேயே வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். எல்லை தாண்டி சிலிகுரி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது. கேப்டனை வேறு வண்டியில் கொண்டுவந்தார்கள்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது வளைவுலயே. காக்குவோட முதுகு கல்லு மாதிரி ஆயிடுச்சு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கார், ஒண்ணுமே ஆகலை."

"நிறுத்துன்னு கத்தறதுதானே? மேல இருந்தப்பவே ஓரமா இடிச்சு நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?"

அவள் ஜீப்பின் கூரையைப் பார்த்தாள்.

"சுப் ரைட்பா," என்றாள். "வீடியோ ஓடிட்டிருந்துது."

எனக்கு அந்த ஜீப்பிலேயே தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. படித்த பெண். இங்கிலீஷ், வங்காளம், ஹிந்தி, தமிழ் நாலும் பேசுவாள். நாலில் ஒரு பாஷையில்கூட 'வேண்டாம்' என்று சொல்ல வரவில்லை.

முழங்காலில் தகடு வைத்தார்கள். கல்கத்தாவுக்கு வந்த பிறகு கேப்டன் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நல்லவேளை, கடைசி நிமிஷத்துல கியர் போட்டேன். இல்லேன்னா ரெண்டு பேரும் ஆத்துக்குள்ள," என்றார். தான் காப்பாற்றினதாகவே அவர் நம்புகிறார். என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பழங்களை அடுத்த நாள் குப்பையில் போட்டேன்.

வீடியோவும் வந்தது. முதல் வளைவோடு வெட்டிவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தார்கள். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். இதே மாதிரி நாங்களும் இறங்கப்போகிறோம் என்று வேறு ஊர்க்காரர்கள் கீழே எழுதியிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி நான் போன் செய்தேன். "நல்லா வந்திருக்கே, ஏன் எடுக்கணும்?" என்றார்கள்.

போன வாரம் கேப்டன் அவளைக் கூப்பிட்டார். அவள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் பூடான். அங்கேயும் ஒரு ராலி. நேபாளத்தைவிட உயரம்.

"நீ வண்டி ஓட்ட வேண்டாம்மா. பின்னாடி உக்காந்தா போதும். நீ இல்லாம குரூப் குரூப்பாவே இல்லை."

"பாக்கறேன் காக்கு," என்றாள்.

நான் போனைப் பிடுங்கினேன். "அவ வரல. உங்க பின்னாடி இனிமே எவன் வீட்டுப் பிள்ளையும் உக்காரக் கூடாது."

"மாவு-தா, கோவப்படாதேய்யா..."

வைத்துவிட்டேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நானே சொல்லியிருப்பேன். நீ ஏன் நடுவுல வர்றே?"

"எப்போ சொல்லியிருப்பே?"

அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், இருக்கிறாளே என்று மனைவியிடம் சொன்னேன்.

சாப்பிடும்போது அவள் போன் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். குரூப்பில் யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கட்டைவிரல் படம் போடுகிறார்கள். மலைச்சரிவில் வெளுத்துப்போய் நின்றானே, அவனும் போட்டிருக்கிறான். திரை வெளிச்சமாகும் ஒவ்வொரு தடவையும் அவள் சோறு பிசைவதை நிறுத்திவிட்டுப் படிக்கிறாள். வரவில்லை என்று இன்னும் அடிக்கவில்லை. அவளுடைய இடது கட்டைவிரல் திரைக்கு மேலே நிற்கிறது. நான் எதிரில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.