கோஜி அறையில் உறை ஊற்றிய தயிர்

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் பாதிப் பேர் துபாய்க்கும் மீதிப் பேர் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்தபோது நான் மட்டும் ஜப்பானுக்குப் போனேன். கும்பகோணத்தில் அரிசி மில் இயந்திரங்கள் விற்கும் கடையில் மெக்கானிக் வேலை. நாடு கதவைத் திறந்துவிட்ட புதிது. ஜப்பான் பாலிஷ் இயந்திரங்களை இறக்குமதி செய்ய முதலாளிக்கு ஆசை வந்தது. கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு வா என்று ஒரு குளிர்காலத்துக்கு என்னை அனுப்பிவைத்தார். இயந்திரக் கம்பெனிக்காரர்கள் பயிற்சிக்கென்று என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு மது ஆலை. அரிசியில் சாக்கே தயாரிக்கிற இடம். கீழ்வேளூரில் இருந்த அம்மாவிடம் போனில், "அரிசி மில்லுலதாம்மா வேலை" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

முதல் அதிர்ச்சி அரிசியிலேயே வந்தது. நம்மூர் வியாபாரி அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முகத்தைச் சுளித்து விலையைக் குறைப்பான். அங்கே அந்தப் புள்ளிக்காகவே தனி ரகம் பயிரிடுகிறார்கள். அந்தப் புள்ளிதான் மதுவாகுமாம், சுற்றியிருப்பதெல்லாம் தொல்லையாம். உயர்ந்த ரக சாக்கேவுக்கு மூன்று நாள் இயந்திரத்தில் போட்டு, நூறு கிலோவை நாற்பது கிலோவாகும்வரை தீட்டுவார்கள். கொஞ்சம் நொய் கூடினாலே மில்காரனோடு சண்டைக்குப் போகிற என் அப்பா இதைப் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வேளாவேளைக்கு எண்ணெய் போட்டு அந்த இயந்திரத்தை ஓட்டினேன்.

இயந்திர அறையில் குளிர் எலும்பில் குத்தும். ஆலையில் கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான், கோஜி அறை. வேகவைத்த அரிசியைப் பரப்பி, அதில் வேண்டுமென்றே பூஞ்சணம் பூக்கவைக்கும் அறை. அந்தப் பூஞ்சணம் பூத்த அரிசிதான் கோஜி. அது இல்லாமல் சாக்கே இல்லை. உள்ளே சித்திரை மாதத்துத் தஞ்சாவூர். வேலைக்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். நான் ஜாடைமாடையாகக் கேட்டு, கெஞ்சி, கடைசியில் பாதி நாள் அங்கே வேலை வாங்கிவிட்டேன்.

ஆலையின் தலைவரை எல்லோரும் தோஜி என்றார்கள். எனக்கு அவர் மேஸ்திரி. உள்ளே விடும்முன் இரண்டு நிபந்தனை போட்டார். நாட்டோ சாப்பிடக்கூடாது. அது நூல் நூலாக இழுக்கும் சோயா பயறு. அதிலிருக்கும் கிருமி கோஜியைக் கெடுத்துவிடும். தயிரும் கூடாது. நாட்டோவை மோந்து பார்த்திருந்ததால் முதல் நிபந்தனைக்குச் சந்தோஷமாகத் தலையாட்டினேன். இரண்டாவதற்கும் ஆட்டினேன். டெல்டாக்காரன் தயிர் இல்லாமல் எத்தனை நாள் தாங்குவான் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

பத்தொன்பது நாள் தாங்கினேன். இருபதாம் நாள் அம்மா போனில், "தயிர் கெடைக்குதாடா?" என்று கேட்டாள். போதாதா? அன்றே பாலும், உறைக்குக் கடைத் தயிர் ஒரு கிண்ணமும் வாங்கிவந்தேன். கடைத் தயிர் ஸ்பூனால் நக்குகிற சாமான், அது சோற்றுக்கு ஆகாது. ஆனால் என் அறைக் குளிரில் பால் பாலாகவே இருந்தது. ஆலையில் பால் உறையக்கூடிய இடம் எது என்று சொல்லவேண்டியதில்லை. எவர்சில்வர் தூக்கைத் துண்டில் சுற்றி, கோஜி அறையில் பலகைக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலை எடுத்தபோது கவிழ்த்தாலும் விழாத தயிர். என் அறையில் உட்கார்ந்து, சோற்றில் பிசைந்து தின்றபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாள் இப்படி நடந்தது.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி கோஜியைக் கையில் அள்ளினார். விரல்களுக்கு நடுவே வழவழவென்று நூல் இழுத்தது. அந்த வருடப் போட்டிக்கு அனுப்பவேண்டிய சாக்கேவுக்கான அரிசி அது. மூன்று நாள் தீட்டி, இரண்டு நாள் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட அரிசி. மோந்து பார்த்தார், எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். வெந்த அரிசியைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அந்த நாட்களில் கோஜி அறையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்தான். கோடையில் நெல் விவசாயம், குளிர்காலத்தில் இங்கே; பதினான்கு வருடமாக வருகிறவர். எங்கள் இருவரையும் நிறுத்தி மேஸ்திரி சொன்னார்: "யாருன்னு மத்தியானத்துக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலைன்னா ரெண்டு பேரும் இந்த ரூமுக்குள்ள வரவேண்டாம்."

விவசாயி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், ஒரு குற்றமும் செய்யாத மனிதர், பதினான்கு வருட மரியாதை என் தூக்கால் போகப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் திரும்பவும் அந்தக் குளிர் அறை. பலகைகளைக் கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன். பன்னிரண்டு அடிக்கச் சற்றுமுன் மேஸ்திரியிடம் போய், "தயிர் வெச்சேன்" என்றேன். அவர் கதவைக் காட்டினார்.

மீதிக் குளிர்காலம் முழுவதும் இயந்திர அறைதான். விவசாயி அடிக்கடி எட்டிப் பார்ப்பார். நான் குனிவதற்குள் மூட்டையைத் தூக்கிவிடுவார். தன் கம்பளிக் கையுறையைக் கொடுத்தார். அவருக்காகத் தியாகம் செய்தவன் என்ற நன்றி என்று எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்?

பனி உருகியதும் புது சாக்கேவை ருசி பார்க்க எல்லோரும் கூடினோம். மேஸ்திரி தொட்டி தொட்டியாக நாக்கில் வைத்துப் பார்த்து, இதில் இவ்வளவு அதில் அவ்வளவு என்று கலந்தார். எனக்கும் ஒரு கிண்ணம். மோந்து பார்த்தால் பழ வாசனை. அரிசிக்குள் அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போட்டிக்கு அந்த வருடம் ஒரு பாட்டிலும் போகவில்லை. அதற்காக மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தயிர் கலந்தா கோஜி புளிக்கும். நூல் விடாது," என்றார். "அது நாட்டோ."

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"மோந்து பார்த்ததுமே தெரியும்."

"அப்ப ஏன் என்னை வெளியே அனுப்புனீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தயிர் வெச்சது நீதானே?"

விவசாயி அந்தப் பக்கம் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் தலை நிமிராமல் இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார். கிண்ணம் நிரம்பி, கொஞ்சம் வெளியே சிந்தியது. எனக்கு வந்த கோபத்தில், ஒரு குளிர்காலம் பூராவும் என்னை விறைக்க வைத்துவிட்டாயே என்று கிண்ணத்தை அவர் மேலேயே வீசத் தோன்றியது. ஆனால் கோஜி நூல் விட்ட அன்று காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் வரை, குற்றம் என்னுடையதுதான் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டே, நானும் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். அவர் என்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வாயைத் திறக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.