கடை வாசல் யானை போய்விட்டது

கியூபெக்கின் லவால் நகரில் என் கடை வாசலில் நின்ற பைபர் யானைச் சிலை இன்று போய்விட்டது.

நெடுஞ்சாலை ஓரம் மூடிய பழைய வேடிக்கைப் பூங்கா ஒன்றில் மலிவாக வாங்கியது. சனம் படமெடுக்க வரும், அப்படியே சாமானும் வாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் தமிழ் ஆட்கள் வந்து, பிள்ளையார் என்று பூ வைத்தார்கள். பிறகு கற்பூரம் கொளுத்தினார்கள். கட்டடச் சொந்தக்காரர் தீப்பிடிக்குமென்று பயந்துபோய், "யானையா, கடையா?" என்று கேட்டுவிட்டார்.

குப்பைக்கு அனுப்பலாம் என்றேன். மனைவி முறைத்தாள். "பிள்ளையாரைக் குப்பையில போடப்போறியளோ? பேந்து நீங்கள் கடை நடத்தின மாதிரித்தான்!"

இன்று காலை, யானையை எடுத்துப்போகச் சொல்லி நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஒரு கியூபெக்காரர் மோட்டார்ஹோமில் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு வந்தார். வடக்கே, கூடாரம் போட்டுத் தங்கும் கேம்பிங் இடம் நடத்துகிறாராம். வாசலில் நிறுத்த யானை வேண்டுமாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மனைவி விடவில்லை. "கிழக்குப் பாத்து வைக்கச் சொல்லுங்கோ. தும்பிக்கையில பியர் கான் தொங்கவிடக் கூடாதெண்டும் சொல்லுங்கோ."

பிரெஞ்சில் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. "கிழக்கில்தான் ஏரி இருக்கிறது. யானைக்கும் பிடிக்கும்" என்றார்.

இதை வாசிப்பவர்களில் அந்தப் பக்கம் கேம்பிங் போகிறவர்கள், யானைக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று இங்கேயே பேசி முடிவெடுங்கள்.

அவரும் நானும் பேசி முடித்தது இதுதான்: யானை இலவசம், ஏற்றுகூலி அவருடையது, முகம் கிழக்கே, பியர் கிடையாது.