தனக்காவுக்கு அடியில்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நான்காவது வரைதான் படித்தவன்.

நாங்கள் பர்மாவில், யாங்கூனின் தாமுவே பகுதியில் இருக்கிறோம். என் மகள் செல்வி என்னைப் போலவே நல்ல கறுப்பு. போன வருடம் அவள் முகம் முழுக்கத் தனக்கா என்ற மரத்தின் பட்டையை உரைத்த சாந்தை அப்பிக்கொண்டு திரிந்தாள். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் பூசுவதுதானே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

திங்யான் தண்ணீர்த் திருவிழாவன்று விளையாட்டாக அவள் தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன்.

"ஐயோ அப்பா, எரியுது!"

தனக்கா கரைந்து வழிந்தது. அடியில் இரண்டு கன்னமும் தோலுரிந்து சிவந்திருந்தன. வெளுப்பதற்காகப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கிரீமைப் பூசி, புண்ணை மறைக்கத்தான் மேலே தனக்கா பூசியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அந்த அக்கா எட்டிப் பார்த்தார். "எரிஞ்சா என்ன தம்பி, கறுப்பி கொஞ்சம் வெளுத்துட்டாளே!"

செல்வி உடனே கண்ணாடியைத் தேடினாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது தினமும் காலையில் நானே கல்லில் தனக்கா உரைத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் அவள் கழுவிய முகத்தோடு என் எதிரே உட்கார வேண்டும்.

"என்னப்பா பாக்குறீங்க?"

"என் முகத்தைத்தாம்மா."

அவள் இன்னும் சிரிப்பதில்லை.

மறு வருடத் திங்யானுக்கு முதல் நாள் எழுதியது.