நான்கு ஊர் சுற்றி வந்த கடிதம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. மல்லாங்கிணற்றுக் கரிசலில் மழையை எதிர்பார்த்தே காய்ந்துபோன குடும்பம் எங்களுடையது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்று வேட்டிகூட இல்லாமல் சிவகாசிக்கு வந்தேன். லேபிள் கட்டுச் சுமந்தேன். கல் அச்சில் கல் தேய்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சொந்தமாக அச்சாபீஸ் வைத்தேன். எங்கள் தெருவில் வெளிநாட்டு ஆப்செட் மெஷினை முதலில் இறக்கியவன் நான்தான். படித்தவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் இறக்கிவிட்டேன். இதையெல்லாம் பேரன் பேத்திகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மெஷின் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்தது. பம்பாய் ஏஜெண்ட் மூலம் வாங்கினோம். பூட்டிக் கொடுக்க அந்த நாட்டு மெக்கானிக் ஒருவர் வந்து ஒரு மாதம் தங்கினார். அவருடைய குடும்பப் பெயர் சின்னப் பெயர், அதைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு இடது கை மணிக்கட்டோடு இல்லை. அந்த இடத்தில் தோலும் இரும்புமாக ஒரு செயற்கைக் கை, நுனியில் இரண்டு கொக்கி. அதில் நட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஸ்பானரைத் திருகுவார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

என் மனைவியின் தம்பி அவரோடு ஒட்டிக்கொண்டான். எட்டாவது வரை படித்தவன், மெஷினை ஓட்டப்போகிறவனும் அவன்தான். கலர் பார்ப்பதில் அவனைப்போல் ஒருத்தன் அன்று சிவகாசியில் கிடையாது. புஸ்வாணம் லேபிளில் நெருப்பு நிறத்தை அவன் எடுத்தால் காகிதம் சுடுமோ என்று தோன்றும்.

மெஷினில் உருளைகளுக்கு முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அதைத் தூக்கினால் மெஷின் தானாக நின்றுவிடும். அந்த மெக்கானிக் தினமும் தடுப்பைக் கொக்கியால் தட்டிக் காட்டி, இல்லாத கையையும் காட்டி, “நோ, நோ” என்பார். அவர் கை போனதும் இப்படி ஒரு மெஷினில்தானாம். எங்களுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுக்கும் மிஷன் பள்ளிக்கூட டீச்சரம்மா கேட்டுச் சொன்னார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் பையிலிருந்து தன் தேசத்தின் படத்தை எடுத்து விரித்தார். ஒரு புள்ளியில் விரலை வைத்து, தன் பெயரைச் சொல்லி, நெஞ்சைத் தொட்டுச் சிரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஊர் எழுத்தைப் போடுவதில்லையா, அதுபோல இவருக்கும் ஊர்ப் பெயர். அவர் இன்னும் ஏதோ சொல்ல, விரலை வேறொரு புள்ளிக்கு நகர்த்தினார். வாசலில் காகித லோடு வந்து நின்றது. நான் எழுந்து போய்விட்டேன்.

மச்சினனிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டொரு வாரம் கழித்து, மேஜையில் கிடந்த அந்தத் துண்டில் நான் சிவப்பு மையைத் தொட்டு வைத்துப் பதம் பார்த்தேன். எழுத்து மைக்குள் மறைந்துபோனது.

“அத்தான், அது அவரு விலாசம்லா!” என்று பதறினான்.

“ஊரு தெரியும், ஆளு தெரியும். பொறவு எதுக்குலே காயிதம்?” என்றேன்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்தது. உருளையில் தூசி ஒட்டும்போதெல்லாம் தடுப்பைத் தூக்கி, மெஷின் நின்று, துடைத்து, மறுபடி ஓட்டி என்று நேரம் போனது. ஒரு நாள் காலை நான் தடுப்பைக் கழற்றிச் சுவரில் சாத்தினேன். தடுப்பு இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும்படி, அதை நிறுத்தும் விசையைக் கம்பியால் கட்டினேன். “ஓட ஓடத் தொடைலே” என்று சொன்னதும் நான்தான்.

எட்டாவது நாள், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, துடைத்த துணியை உருளை இழுத்தது. துணியோடு கையை இழுத்தது. வலது கை.

அவனை மதுரைக்குக் கொண்டுபோன பிறகு நான் செய்த முதல் காரியம், கம்பியை அறுத்துவிட்டுத் தடுப்பைத் திரும்பப் பூட்டியது. விசாரிக்க வந்தவர்களிடம் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, “நாந்தேன் அவசரத்துல தடுப்பக் களட்டிட்டேன்” என்று சொல்லியிருந்தான். அப்படிச் சொல் என்று நான் அவனிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அப்படி இல்லை என்று வந்தவர்களிடம் சொல்லவும் இல்லை.

காயம் ஆறியதும் அவனுக்கு ஒரே நினைப்புதான்.

“அத்தான், அவருக்கு எளுதுங்க. அவரு கொக்கிக் கை மாதிரி ஒண்ணு செஞ்சு அனுப்பச் சொல்லுங்க. நான் மறுபடி மெஷின்ல நிக்கணும்.”

இடது கையை லேபிள் காகிதத்தில் விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். அதைத் திருப்பிப் பார்த்தால் வலது கை. வலது முழங்கைக்குக் கீழே மிச்சமிருந்ததை நூலால் அளந்து, நூலையே உறைக்குள் வைத்தேன். டீச்சரம்மா கடிதத்தை எழுதி முடித்துவிட்டு விலாசம் கேட்டார். மெக்கானிக்கின் பெயரைச் சொன்னேன். ஊரைக் கேட்டார். அதே பெயரைச் சொன்னேன்.

“அது ஆளோட பேரா, ஊரோட பேராங்கய்யா?”

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சரம்மா. படத்துல தொட்டுக் காமிச்சாரு, என் கண்ணால பாத்தேன்.”

“எதுக்கும் பம்பாய் ஏஜெண்டுக்கே எழுதிருவோமே. கம்பெனியில சரியான விலாசம் இருக்கும்.”

“நான் ஆளுகளப் பாத்துப் பாத்து மேல வந்தவன். ஏஜெண்ட் கிட்டப் போயி நிக்கணுமாக்கும்?” என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. மனசில் இருந்தது வேறு. ஏஜெண்டுக்கு எழுதினால் எப்படி நடந்தது என்று கேட்பான். ஆளை அனுப்பி மெஷினைப் பார்ப்பான். தடுப்பு இருந்தால் கை எப்படி உள்ளே போகும் என்பான். கம்பி கட்டிய தழும்பு விசையில் அப்படியே இருந்தது.

கடிதம் போனது. மச்சினன் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அச்சாபீஸ் வாசலில் நிற்பான். தை போனது, சித்திரை போனது. மெஷினில் வேறு ஆளைப் போட்டிருந்தேன். அவன் எடுக்கும் கலரை மச்சினன் எட்டிப் பார்ப்பான், ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்விடுவான். தபால்காரர் கேலியாக, “என்ன மாப்ளே, சீமையில பொண்ணு பாத்திருக்கீகளா?” என்று கேட்பார். இவனும் சிரிப்பான்.

ஆவணியில் எங்கள் உறையே திரும்பி வந்தது. முன்னும் பின்னும் முத்திரைகள், பல நிறத்தில் அடித்தல்கள். கூடவே ஒரு சின்னக் காகிதம், யாரோ இங்கிலீஷ் தெரிந்தவர் எழுதியது. டீச்சரம்மா படித்துச் சொன்னார். அந்தப் பெயரில் அவர்கள் நாட்டில் நான்கு ஊர் இருக்கிறதாம். கடிதம் நான்கு ஊருக்கும் போயிருக்கிறது, கடைசி ஊர்க்காரர் ஒருத்தர்தான் இதை எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் இந்தக் குடும்பப் பெயர் உள்ளவர் ஒருத்தரும் இல்லை, இந்த ஊரை விட்டு வெளியே போனவர்களுக்குத்தான் மற்ற ஊர்க்காரர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள், நாடு முழுக்க அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்கள் நண்பர் எந்த நகரத்தில் வசிக்கிறார் என்று எழுதினால் உதவுகிறோம் என்று அந்த முகம் தெரியாத மனிதர் எழுதியிருந்தார்.

மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அத்தான், சிவகாசியில ஒங்களுக்கு என்ன பேரு?”

எனக்குச் சுருக்கென்றது. சிவகாசியில் எனக்கு மல்லாங்கிணத்தார் என்றுதான் பெயர். அச்சாபீஸைக்கூட மல்லாங்கிணத்தார் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

“மல்லாங்கிணத்துல போயி மல்லாங்கிணத்தான் வீடு எங்கன்னு கேட்டா எவன் சொல்லுவான்? அங்கன எல்லாரும் மல்லாங்கிணத்தாந்தானே” என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். முகம் கோணிக்கொண்டது.

“இப்பவே பம்பாய்க்கு எளுதுதேன் மாப்ளே” என்றேன்.

“எளுத மாட்டீக. எளுதுறவரா இருந்தா அன்னைக்கே எளுதியிருப்பீக. எனக்குத் தெரியாதா?” என்றான். டீச்சரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவன் சொன்னது சரிதான். நான் எழுதவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அப்புறம் மறுபடியும் சீசன் வந்துவிட்டது.

அந்தச் சீசன் முடிவதற்குள் அவன் எம். புதுப்பட்டிக்குப் போய்விட்டான். ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட்டைத் திறந்து மூடும் வேலை. அதற்கு ஒரு கை போதும். அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். என் மனைவி அதற்குப் பிறகும் எனக்குச் சோறு போட்டாள், பிள்ளைகளை வளர்த்தாள், எல்லாம் செய்தாள். அச்சாபீஸ் வாசலை மட்டும் மிதிக்கவேயில்லை.

சில வருஷம் கழித்து, அதற்குள் மூன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கார் வைத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். கூட்டிவந்துவிடலாம் என்று நினைப்பு. கம்பெனி வேன் அருகே நின்ற பெண்களிடம், கை இல்லாத ஒருத்தர் இங்கே கேட்டில் இருக்கிறாரே என்று விசாரித்தேன்.

“யாரு, சிவகாசியாரா? அந்தா இருக்காரு பாருங்க” என்றாள் ஒருத்தி.

அவன் வேப்பமரத்தடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தான். காரைப் பார்த்ததும் எழுந்து வந்து, எல்லாருக்கும் திறப்பதுபோல இடது கையால் கேட்டைத் திறந்தான். “வாங்கத்தான். அக்கா நல்லா இருக்காகளா? சாப்பிட்டீகளா?” என்று கேட்டான். வீட்டுக்கு வா என்றேன். உள்ளேயிருந்து லோடு வருகிறது, வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள் என்றான்.

அவன் இருந்தவரை கேட்டிலேயே இருந்தான். அந்த உறை என் பீரோவில் இருக்கிறது. நூலும் உள்ளேதான் இருக்கிறது. இப்போது அந்த முதல் மெஷினைப் போல எட்டு வைத்திருக்கிறேன். எட்டிலும் தடுப்பு இருக்கிறது. அதை நானே போய்த் தட்டிப் பார்ப்பேன். தொழிலாளிகள் என்னைப் பெரிய மனுஷன், ஆளுகள் மேல் அக்கறை உள்ளவன் என்று சொல்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.