நோரீன் உட்கார முடியாத கார்

நோரீன் டிரைலிங்கை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் பாதிப் பேர் அவள் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்ப் படித்தவர்கள். ஆறடி உயரம். பின்வரிசையில் எவனாவது சேட்டை செய்தால் திரும்பக்கூட மாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், பேருந்தே அடங்கிவிடும். நானும் அதே டிப்போவில்தான் ஓட்டுநர். வீடும் அவளுக்கு அடுத்த வீடு. அதனால் அந்தக் காரின் கதையை ஆரம்பத்திலிருந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் தண்டனை எனக்கு வாய்த்தது.

காரைக் கொண்டுவந்தது அவள் கணவன் கெல்வின். தானியக் கிடங்கில் வேலை. நோரீனின் தோள் உயரம்தான் இருப்பான், ஆனால் ஆசைகள் ஆளைவிடப் பெரியவை. ஒரு சனிக்கிழமை, யாரோ ஒரு விவசாயியின் மரவரிசைக்குள் பல வருடங்களாகக் கிடந்த 1934ஆம் வருட ஃபோர்டு காரை டிரெய்லரில் ஏற்றி இழுத்து வந்தான். கார் என்றால் கார் இல்லை. துருப்பிடித்த கூடு. உள்ளே எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

"இத ஹாட் ராட் ஆக்கப் போறோம், சீறிப் பாயுற வண்டி!" என்று கெல்வின் அறிவித்தான். "கூரைய அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் போட்டு... நாம நாலு பேரும் சேந்து. குடும்பமா!"

"குடும்பத்த யாரு கேட்டா?" என்றாள் நோரீன்.

"ஒரே கோடைதான், கண்ணு. கோடை முடியுறதுக்குள்ள உன்ன முன்சீட்ல உக்கார வெச்சு மெயின் ரோட்டுல கூட்டிட்டுப் போறேன் பாரு."

அந்தக் கோடை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. கார் ஷெட்டில் ஃபோர்டு குடியேறியதால் நோரீனின் சொந்தக் கார் வாசலில் வெயிலில் நின்றது.

வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சண்டைகளுக்கு இடையே நடந்தது. மகள் ரோண்டா டிராக்டர் பட்டறையில் வெல்டிங் செய்பவள், அதனால் உண்மையான வேலையெல்லாம் அவள் தலையில். மகன் கிரெக் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தான்; அவன் கையில் அழுக்குப் பட்டு யாரும் பார்த்ததில்லை, அபிப்பிராயத்துக்கு மட்டும் குறைவே இல்லை. மட்கார்டுகள் இருக்க வேண்டும் என்பான் கிரெக். மட்கார்டு வைத்தால் அது பாட்டன் கார், ஹாட் ராட் இல்லை என்பாள் ரோண்டா. கெல்வின் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, வாங்கிய எஞ்சினை விற்று வேறொரு எஞ்சினோடு வருவான். நோரீனுக்கு டார்ச் பிடிக்கும் வேலை.

"வெளிச்சத்த இங்க காட்டு... இங்க இல்ல, அங்க! எதப் பாத்துட்டு நிக்குற?"

"என் கல்யாணத்த நெனச்சுப் பாத்துட்டு நிக்குறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பியராக் ரொட்டியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கடித்தேன். பெயிண்ட் வாசம் குப்பென்று அடித்தது. முந்தின நாள் கெல்வின் எஞ்சின் பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்து, காயட்டும் என்று அவளுடைய ஓவனில் வைத்திருக்கிறான். "வாய் தொறந்து ஒரு வார்த்தை சொல்லாத, சும்மா சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன்.

பிறகு அந்த ஆலங்கட்டி மழை. மே மாதத்தில் வானம் பச்சையாகத் திரும்பினால் ஆலங்கட்டி வருகிறது என்று அர்த்தம்; எங்கள் பக்கத்தில் எல்லோரும் காரைத்தான் முதலில் உள்ளே விடுவார்கள். நோரீன் எங்கே விடுவாள்? எலுமிச்சை அளவு கட்டிகள் விழுந்தன. முன் கண்ணாடி நொறுங்கியது, கூரை குழி குழியாகிவிட்டது. துருப்பிடித்த ஃபோர்டு ஒரு சொட்டு நனையாமல் ஷெட்டுக்குள் நின்றது. நோரீன் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் பள்ளி இசைக்குழுவை ஏற்றிக்கொண்டு போட்டிக்காக விச்சிட்டா நகரத்துக்குப் போனாள். கெல்வினுக்குக் குற்ற உணர்ச்சி போலும். அவள் திரும்புவதற்குள் கூரையை முடித்து அசத்திவிட வேண்டும் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டான். கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்து, கூரையைக் கீழே இறக்கி, ரோண்டா சுற்றிலும் வெல்டிங் வைத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக இருந்தது. பாயத் தயாராக இருக்கும் பூனை மாதிரி.

நோரீன் வந்ததும் கெல்வின் கதவைத் திறந்து பிடித்தான். அவள் குனிந்து ஏறினாள். இன்னும் குனிந்தாள். கடைசியில் கழுத்தைத் தோளோடு மடக்கி, கன்னம் கூரையில் அழுந்த உட்கார்ந்தாள்.

"யார உக்கார வெச்சு அளந்தீங்க?" குரல் உள்ளிருந்து அமைதியாக வந்தது.

"அப்பாவ" என்றாள் ரோண்டா.

"எனக்காகச் செய்யுறேன்னு சொல்லிட்டு, இவ்ளோ வருஷத்துல என்ன ஒரு தடவகூட உக்காரச் சொல்லல."

"கண்ணு, கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா..."

"கெல்வின், வாய மூடு."

வெளியே வந்து டார்ச்சை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இனிமே நீ புடி." பின்வரிசைப் பையன்களிடம் பேசும் அதே குரல். "கூரை இனி ஏறாதுன்னா தரை இறங்கட்டும். ரோண்டா, முடியுமா?"

"காரோட அடிச்சட்டத்துக்கு நடுவுல தரைய வெட்டித் தொட்டி மாதிரி இறக்கலாம்மா. சீட்டு இருக்காது. தரையிலதான் உக்காரணும்."

"உக்காந்துக்கறேன். எஞ்சின் இப்ப இருக்கறதுதான். மட்கார்டு கெடையாது. கிரெக், நீ அபிப்பிராயம் சொல்றதா இருந்தா கையில ஸ்பானரோட சொல்லு."

கிரெக் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனான். இரண்டு வாரம் கழித்துப் புதுக் கையுறையோடு வந்தான். கெல்வின் பாவம். தன் கனவை யாரோ பறித்துக்கொண்டது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டார்ச் பிடித்தான். என்னிடம் வந்து, "அவளுக்குக் கார்னா என்னன்னு தெரியுமா?" என்று புலம்பினான். முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவளைப் பற்றி! நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவள் கைக்கு வந்தபின் யாரும் எதையும் மாற்றவில்லை, அதனாலேயே கார் முடிந்தது. மங்கலான கறுப்பு நிறம், தரையில் மெத்தைத் துண்டு, காது கிழியும் சத்தம். முதல் நாள் மெயின் ரோட்டில் நால்வரும் போனார்கள். நோரீன் தலை நிமிர்ந்து ஓட்டினாள். நடுச் சிக்னலில் எஞ்சின் நின்றுவிட்டது. மூவரும் இறங்கித் தள்ளினார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், கார்பரேட்டர மாத்தணும்னு!" என்று கெல்வின் பின்னாலிருந்து கத்தினான்.

"தள்ளு!" என்றாள் நோரீன்.

ஆலங்கட்டியில் போன காருக்குப் பதில் அவள் வேறு கார் வாங்கவில்லை. தினமும் காலையில் ஃபோர்டில்தான் டிப்போவுக்கு வருகிறாள். நானும் அதில் தொற்றிக்கொண்டு, முழங்கால் முகவாயில் இடிக்க வருகிறேன். கெல்வினுக்கு ஓட்ட வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும். சில ஞாயிறுகளில் கொடுக்கிறாள். தரையில் உட்கார்ந்தால் அவனுக்குச் சாலை தெரிவதில்லை, இரண்டு தலையணை போட்டுக்கொள்கிறான்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் அந்தக் காரை விடுங்கள் என்றார். நோரீன் மருத்துவரை மாற்றிவிட்டாள்.