கொத்தனார் போட்ட கேக்

இனிமேல் சாரம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, கொத்தனார் டாக்டருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே பூச்சு உப்பியிருந்தது.

"இதை யாரு பூசினாங்க?" என்று கேட்டார்.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

இருபத்தேழு வருஷம் சுவர் பூசியவர். யார் வீட்டுக்குப் போனாலும் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். இப்போது முழங்கால் போய்விட்டது. மனைவி காலையில் தையல் ஆலைக்குப் போனதும் வீட்டில் அவர் மட்டும். முதல் வாரம் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். இரண்டாம் வாரம் பாத்திரங்களை அளவுவாரியாக அடுக்கினார். மூன்றாம் வாரம் செய்ய ஒன்றுமில்லை.

மனைவியின் அண்ணன் ஆஸ்பத்திரியில் கேன்டீன் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன் வேலை, மாப்ள. ஸ்டூல் தருவாங்க. நாள் பூரா உட்கார்ந்துக்கலாம்."

கொத்தனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த மனைவி, "கேக் கொண்டாந்து தர்ற ஆளு நின்னுட்டான்னு சொன்னியே அண்ணா, இவர் போடட்டுமே" என்றாள்.

அண்ணனுக்குக் காபி புரையேறிவிட்டது. "இவரா? அதுல சிமெண்ட் சேர்க்க மாட்டாங்கம்மா." தலையில் தட்டிக்கொண்டே, "சரி மாப்ள, வெள்ளிக்கிழமை ஒண்ணு கொண்டாங்க. வித்துச்சுன்னா கேக்கு. விக்கலேன்னா ஸ்டூலு. சரியா?" என்றார்.

செய்முறையை ஆலையில் ஒருத்தி துணி வெட்ட அளவு வரையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, முட்டை, எல்லாம் ஒரே எடை. கூடவே தண்ணீரில் ஊறவைத்த இரண்டு கைப்பிடி உலர்ந்த திராட்சை, அத்தி, பேரீச்சை.

"ஒண்ணுக்கு ஒண்ணா? நல்ல ஸ்ட்ராங்கான கலவை" என்றார் கொத்தனார். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை கலக்கினார். சாந்தைப் புரட்டப் புரட்டத்தான் சேரும் என்பது அவர் கண்ட அனுபவம். முக்கால் மணி நேரம் புரட்டினார். அடுப்பிலிருந்து எடுத்ததும் விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் மனைவி கத்தியை வைத்து அழுத்தினாள், பிறகு எழுந்து நின்று அழுத்தினாள்.

"மாவைப் போட்டப்புறம் அவ்வளவு கலக்கலாமா? சும்மா சேர்ந்தா போதும்."

புதன்கிழமை சும்மா சேர்த்தார். பொன்னிறமாக உப்பி வந்தது. ஆனால் மேலே நீளமாக ஒரு வெடிப்பு. கொத்தனார் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மூன்று கை தண்ணீர் தெளித்து, ஈரத்துணியைப் போர்த்தி வைத்தார்.

"ஏங்க, கேக்கு ஏன் இப்படிச் சொதசொதன்னு இருக்கு?"

"தண்ணி விட்டேன்."

"கேக்குக்கா?"

"வெடிப்பு விட்டிருந்துச்சு. காயவிட்டா இன்னும் விரியும்."

"அய்யோ, கேக்குன்னா வெடிக்கும்! அதுதாங்க அழகு!"

"வெடிப்போட நான் எதையும் ஒப்படைச்சதில்ல."

அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று கேக்கைக் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். பழமெல்லாம் அடியில் கிடந்தது.

"இது ஏன்னு எனக்கும் தெரியலயே" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும். கலவை தண்ணியா இருந்தா ஜல்லி கீழ இறங்கும்."

வியாழக்கிழமை ஒரு முட்டையைக் குறைத்தார். ஊறிய பழங்களைத் துணியில் ஒற்றியெடுத்து, பொடியாக நறுக்கி, மாவில் பிரட்டிப் போட்டார். மனைவி அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். மேலே மறுபடியும் வெடித்திருந்தது. அவர் கை சர்க்கரை டப்பாவை நோக்கிப் போனது.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் குழைச்சு அடைச்சிடலாம்னு..."

"கொத்தனாரே, கையை எடுங்க."

கோபம் வந்தால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கேன்டீன் கண்ணாடிப் பெட்டிக்குள் கேக் போனது. அண்ணன் குனிந்து பார்த்தார். "மேல வெடிச்சிருக்கே, மாப்ள."

"கேக்குன்னா வெடிக்கும், மச்சான்" என்றார் கொத்தனார். சொல்லிவிட்டு வெடிப்பைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

முதல் துண்டை வாங்கியது ஒரு நர்ஸ். ராத்திரி டூட்டி முடித்து வந்தவள். தூணுக்குப் பின்னால் நின்று கொத்தனார் பார்த்தார். அவள் ஒரு திராட்சையைத் தோண்டியெடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அடுத்து ஒரு அத்தித் துண்டு. பிறகு இன்னொரு திராட்சை. வரிசையாக ஒதுக்கிக்கொண்டே போனாள். கொத்தனாருக்குக் கால் வலித்தது. எதிரே வாசலில் அந்த ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

கேக்கைத் தின்று முடித்ததும் நர்ஸ் காபியைக் குடித்தாள். பிறகு ஒதுக்கிய பழங்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், வாயில் போட்டுக்கொண்டாள். கடைசியில் விரல் நுனியால் தூளையும் ஒற்றியெடுத்தாள்.

"அண்ணே, இன்னொண்ணு பார்சல்."

பத்து மணிக்குப் பெட்டிக்குள் வெறும் காகிதம்தான் இருந்தது. அண்ணன் அதில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, திங்கக்கிழமை மூணு போடுங்க."

"பழம் அடியில இறங்கல, பார்த்தீங்களா?"

"திங்கறவன் எவன் மாப்ள அதையெல்லாம் பார்க்கறான்?"

"நான் பார்ப்பேன்" என்றார் கொத்தனார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேக் டின். நேராகப் பாத்திரக் கடைக்கு நடந்தார். கடைக்காரர் எடுத்துக் காட்டிய பதினொரு டின்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தார். ஆடாத இரண்டை வாங்கிக்கொண்டார்.