செக்ரோலில் இருந்த அவர் பேர்

என் வீட்டுக்காரருக்கு நட்டஈடு இல்லை என்று வந்த கடிதம் சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், எழுத்து தெரியாது. எனக்குப் பேச்சே அரைகுறைதான். தபால் கொண்டுவந்தவரிடமே நீட்டினோம். தரமுடியாது என்று எழுதியிருப்பதாகவும், நாள் குறித்திருக்கிறார்கள், அதற்குள் மேல்விசாரணை கேட்கலாம் என்றும் அவர் சொன்னார். காரணம் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது, லோயர் யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் போய்விட்டார்.

அதுவரை எங்களுக்கு லோயர் கிடையாது. முதல் விசாரணைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போனோம். உன் புருசன் காலே சாட்சி, அதற்குமேல் லோயர் எதற்கு என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரத்துக்குக் கிளை வெட்ட ஏறி விழுந்தவர் அவர். அடிபட்டது முதுகெலும்பில். கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தது ஆண்டவர் கொடுத்த வரம். ஆனால் இடது கால் அவர் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு கட்டை ஊன்றினால் கக்கூஸ் வரைக்கும் போய்வருவார். அதற்குமேல் முடியாது. இதைக் கண்ணால் பார்த்தும் ஒருவர் இல்லையென்று எழுதுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

ஹட்டனில் ஒரு லோயர் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். தமிழ் ஆள், ஏழைபாழைகளிடம் எரிந்து விழமாட்டார் என்றார்கள். அவருடைய அறை ஒரு துணிக்கடைக்கு மேலே. படி செங்குத்தாக இருந்தது. என் வீட்டுக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நான் மேலே போய், ஆள் கீழே நிற்கிறார், ஏற முடியவில்லை என்றேன். அந்த அம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு என்னோடு இறங்கி வந்து, பக்கத்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கடிதத்தை வாசித்தார். அப்படியொரு மனுசியை அனுப்பினதற்காக அன்றைக்கே மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

வாசித்து முடித்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, விழுந்ததுக்கு அப்புறம் வேலைக்குப் போனீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "என்ன மிஸ் கேக்குறீங்க. இந்தக் கட்டைய வச்சுக்கிட்டு மலை ஏறுவேனா?"

"அப்ப இவங்க ஏன் நீங்க வேலை செஞ்சிருக்கீங்கன்னு எழுதியிருக்காங்க? உங்க சம்பளத் துண்டு காட்டுதாம். நீங்களே குடுத்த துண்டு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அது ஆபீஸ்ல போட்டிருப்பாங்க மிஸ்" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே. "இருவத்திரெண்டு வருசம் ஒழைச்சவன். என் பேரை வெட்டுறதுக்கு அவங்களுக்கு மனசு வரல."

பணிசும் தேத்தண்ணியும் வந்ததும் அவரைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, மருந்துத் துண்டு ஒன்றை மேலே விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி லோயர் அம்மாவோடு படியேறினேன்.

இதை விளங்கவேண்டும் என்றால் பேர் என்றால் என்னவென்று தெரியவேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் நாங்கள் கூடி நிற்போம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுப்பார். அந்தப் பேர் செக்ரோல் புத்தகத்தில் விழுந்தால்தான் அந்த நாள் நாளாகும். மாசக்கணக்கில் விழாவிட்டால் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டுப்பட்ட ஆம்பளையை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் ஒரு சங்கதிக்கும் கூப்பிடமாட்டார்கள். கோயில் கூட்டத்தில் அவன் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த நாள் முதல், நான் வேலை முடிந்து உள்ளே நுழையும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். சாப்பாடு கேட்கமாட்டார். "எம் பேரு இருக்கா புள்ள?" இருக்கு என்பேன். முதல் நாலைந்து மாசம் அது உண்மை. அப்புறம் ஒருநாள் கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாசத்தோடு வெட்டச் சொல்லி ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். நல்ல மனுசன். நான் அழுதேன். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுப்பதை அவர் பேரில் போடுங்கள் என்று கேட்டேன். கொழுந்து பொய் இல்லை, நிறை பொய் இல்லை, பேர் மட்டும்தான் மாறும். அவரும் தலையைச் சொறிந்துவிட்டு, போட்டுத் தருகிறேன் என்றார்.

அதற்காக எத்தனை ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்தேன். மலையில் நின்று வாய்க்குள்ளேயே செபமாலை சொல்வேன். வீட்டுக்கு வந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். இன்றைக்குப் பெரட்டில் உங்களைக் கேட்டார்கள். சின்னத் தொரை மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். உங்களை மாதிரி மரம் ஏற ஆள் இல்லையாம். அதைக் கேட்ட அன்றைக்கு அவர் இரண்டு ரொட்டி கூடச் சாப்பிடுவார். அதைப் பார்த்தால் அடுத்த நாளும் ஏதாவது சொல்லத் தோன்றும்.

அப்படி அவர் பேரில் வந்த சம்பளத் துண்டுகளை முதல் விசாரணையில் அதிகாரி மேசையில் வைத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் புத்தகம், எக்ஸ்ரே எல்லாவற்றோடும் சேர்த்து நானாகவே எடுத்து வைத்தேன். பேர் உயிரோடு இருக்கிற தொழிலாளி என்று தெரிந்தால் மதிப்பார்கள் என்று நினைத்தேன். பேர் இல்லாதவனுக்கு யார் என்ன கொடுப்பார்கள் என்பதுதான் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது.

லோயர் அம்மா இதையெல்லாம் கேட்டு, பேனாவை மூடி வைத்தார். பிறகு, வழியிருக்கிறது என்றார். நடந்ததை நடந்தபடி நான் சாட்சி சொல்லவேண்டும். அந்தக் கணக்கப்பிள்ளை பென்சன் எடுத்துக் கொழும்பில் மகளோடு இருப்பதால் அவருக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கொஞ்சம் ஏசுவார்கள், அவ்வளவுதான். அந்த அம்மாவின் கூலியைப் பற்றி நான் கேட்டபோது, தீர்ப்பு வரட்டும் என்று கையைக் காட்டினார். நான் எழுந்தபோது ஒன்று சொன்னார்.

"அம்மா, இத வீட்டுலயே அவருக்குச் சொல்லிருங்க. அங்க வச்சு முதல் தடவையா கேட்டாருன்னா தாங்கமாட்டாரு."

சரி மிஸ் என்றேன். விசாரணைக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லப் போவேன். பானையைக் கழுவிக்கொண்டே ஆரம்பிப்பேன். அவர் அதற்குள், லோயர் மிஸ் வந்து கேட்டால் தொரையே சாட்சி சொல்வார், நீ வேணும்னா பாரு என்பார். நான் பானையைத் திரும்பக் கழுவுவேன். மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, நீங்களே அவர் காதில் போட்டுவிடுங்கள் தாயே என்று கேட்டிருக்கிறேன். நான் செய்யவேண்டியதை மாதாவிடம் தள்ளிவிட்டது எவ்வளவு பெரிய பிழை என்று இப்போது தெரிகிறது.

விசாரணை நுவரெலியாவில். பஸ்ஸில் அவருக்கு முன் சீட்டு கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நானுஓயா தாண்டும்போது, கெலிச்சுட்டா ஒனக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கணும் புள்ள என்றார். முதுகு வலியில் முகம் வேர்த்திருந்தது.

அந்த அறையில் பெரிய மேசைக்குப் பின்னால் அதிகாரி இருந்தார். தோட்டத்துப் பக்கத்துக்கு ஒரு லோயர். தமிழைச் சிங்களமாக்க ஒரு ஐயா. என்னை வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் லோயர் அம்மா மெதுவாகத்தான் கேட்டார். அந்த நாட்களில் கொழுந்து எடுத்தது யார்? நான்தான் என்றேன். உங்கள் கணவர் ஒருநாளாவது மலைக்குப் போனாரா? இல்லை. அப்படியானால் அவர் பேர் எப்படி விழுந்தது? நான்தான் கெஞ்சிக் கேட்டுப் போடவைத்தேன். ஆபீஸில் வெட்டச் சொல்லிவிட்டார்கள், அதனால் கேட்டேன். இது உங்கள் கணவருக்குத் தெரியுமா?

"தெரியாதுங்க" என்றேன்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த ஐயா அதைச் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னார். இரண்டு பாசையும் தெரிந்த மனுசன் பின்னால் இருந்தார். எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார்.

தோட்டத்து லோயர் எழுந்து என்னென்னவோ கேட்டார். பொய் சொல்லிப் பழகினவள் என்றார். அதற்கு நான் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு டாக்டரின் அறிக்கையை வாசித்தார்கள். முடிந்ததும் எங்கள் லோயர் அம்மா என் கையைப் பிடித்து, நன்றாகச் சொன்னீர்கள் என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். எங்களை பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து விட்டார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். மழை பெய்தது. நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன், வாங்கிக் குடித்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நானுஓயாவுக்கு இறங்கும் வளைவில்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப பெரட்டுல யாருமே என்னையக் கேக்கலயா?"

முன்னால் இருந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காலையில் வேதத்தைத் தொட்ட கை அது. "முதல்ல கொஞ்ச நாள் கேட்டாங்க" என்றேன். "அப்புறம் கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்த விசயத்தைப் பேசவில்லை. நான் வேலை முடிந்து வந்தாலும் ஒன்றும் கேட்பதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார்.

மூன்று மாசம் கழித்து லோயர் அம்மா போன் செய்தார். மேல்விசாரணையில் நமக்குச் சார்பாகத் தீர்ப்பாகிவிட்டது, நிரந்தர ஊனம் என்று ஏற்றுக்கொண்டார்கள், நட்டஈடு வரும் என்றார். லயத்தில் எல்லோரும் வந்து சந்தோசம் சொன்னார்கள். அவர் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பெரட்டுக்குப் போயி எம் பேரை வெட்டச் சொல்லிரு."

"அவங்களா வெட்டிக்குவாங்க. நீங்க ஏன்..."

"நாமளே சொல்லிருவோம் புள்ள."

மறுநாள் காலையில் பனி மூட்டமாக இருந்தது. கணக்கப்பிள்ளை இப்போது புது ஆள், சின்ன வயது. மலை பிரித்துக் கொடுத்து முடியும்வரை நின்று, விசயத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு தடவை பேரைக் கேட்டார். கண்டுபிடித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"ஆளு செத்துட்டாரா?"

"இல்லைங்க. வீட்டுல இருக்காரு."

சரி என்று கோடு போட்டார். நான் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அன்றைக்குப் பறித்ததெல்லாம் எப்படிப் பறித்தேன் என்று எனக்குத் தெரியாது. கை தன்பாட்டில் போனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெட்டியாச்சு என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒன்று கேட்டார்.

"யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?"

இனி அவரிடம் பொய் சொல்வதில்லை என்று பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கியிருந்தேன். கூடையை இறக்கி வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இல்லைங்க" என்றேன். "யாரும் ஒண்ணும் கேக்கல."

இதை இன்னும் நான் பாதரிடம் சொல்லவில்லை.